பசியில்லாத வண்டுகள்

கார்வன் சிகரத்தின் வடக்குச் சரிவில், ஜூலை பாதி கடந்த பிறகும் போக மனமில்லாமல் ஒரு பனித்திட்டு கிடக்கும். அதன் ஓரத்தில் ராங்கெல் குப்புறப் படுத்திருந்தான். யாராவது பார்த்திருந்தால் ஆள் விழுந்துவிட்டான் என்று ஓடி வந்திருப்பார்கள். ஓடி வர அங்கே யாரும் இல்லை. சிகரத்து வானிலை நிலையத்தில் அந்த வாரம் அவன் ஒருத்தன்தான். அடுத்த மனித முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கீழே அரை நாள் இறங்க வேண்டும். சூரியன் மேற்கு முகட்டுக்குப் பின்னால் போய்விட்டது. பகலில் இளகியிருந்த பனியின் மேல்தோல் மறுபடி இறுக ஆரம்பித்திருந்தது. இனிமேல்தான் அவை வரும்.

பகலெல்லாம் பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேல்நோக்கி ஏறும். ஏறுகிற காற்று வெறுங்கையோடு ஏறாது. கீழே வயலிலும் தோட்டத்திலும் இருக்கிற சில்லறை உயிர்களையெல்லாம் வாரிக்கொண்டு வந்து இந்தப் பனியின் மேல் கொட்டிவிட்டுப் போகும். கொசு, சிறு ஈ, செடிச்சாறு உறிஞ்சுகிற அசுவினிப் பூச்சியில் சிறகு முளைத்தவை, பேர் தெரியாத இன்னும் எத்தனையோ. பனியில் விழுந்ததும் அவை விறைத்துப்போய்ச் செத்தும் சாகாமலும் கிடக்கும். பொழுது சாய்ந்ததும் கல்லிடுக்கிலிருந்து கருவண்டுகள் வெளியே வரும். நீண்ட கால், மினுங்குகிற முதுகு, ஓடுகிறபோது சத்தமே கிடையாது. பனிமேல் ஏறி, உணர்கொம்பால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, கிடைத்ததை இழுத்துப்போய் வயிற்றுப் பக்கமாகக் கடிக்கத் தொடங்கும். அந்த உயரத்தில் வேறு விளைச்சல் இல்லை. காற்று கொண்டுவந்து போட்டால்தான் உண்டு. அதனால் அவற்றின் பசி பெரிய பசி. ஒரு வண்டு தன்னைவிடப் பெரிய ஈயோடு மல்லுக்கட்டுவதை ராங்கெல் பார்த்திருக்கிறான். பின்னாலிருந்து வந்த சிலந்தி அந்த வண்டையே தூக்கிக்கொண்டு போனதையும் பார்த்திருக்கிறான்.

இதையெல்லாம் பார்க்கச் சொல்லி அவனுக்கு யாரும் சம்பளம் தரவில்லை. அவன் வேலை காற்றையும் மழையையும் குளிரையும் அளந்து மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வயர்லெஸ்ஸில் சொல்வது. ஒரு அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவில் கிடக்கிற நேரத்தை என்ன செய்வது என்பது அவரவர் பாடு. அவனோடு முறை மாறி வேலை செய்கிற லூபன் தூங்குவான். அவனுக்கு முன்னால் இருந்தவன் குடித்தான். ராங்கெல் வண்டு பார்த்தான். "அப்படி என்னதான் பாக்கற?" என்று வெலிகா ஒருமுறை கேட்டாள். "சும்மா, யாரு யாரைத் திங்கறாங்கன்னு" என்றான். "அதைப் பாக்க மலை ஏறணுமாக்கும். நம்ம தெருவுலயே தெரியுமே" என்றாள் அவன் மனைவி.

சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது. மழைமானிப் பக்கம் போய் நின்றால்தான் குரல் தெளிவாக விழும் என்பதால் ராங்கெல் முழங்காலைத் தட்டிக்கொண்டு அங்கே ஓடினான்.

"ராங்கெல், மிளகாயில அசுவினி விழுந்திருக்கு" என்றாள் வெலிகா.

"நெறையவா?"

"இலையைத் திருப்பினா பச்சை தெரியல, பூச்சிதான் தெரியுது. எறும்பு வேற காவலுக்கு நிக்குது, என்னமோ அதோட ஆட்டு மந்தை மாதிரி."

"சோப்புத் தண்ணி அடிச்சியா?"

"அடிச்சேன். காஞ்சொறி ஊறவச்ச தண்ணி அடிச்சேன். புகையிலைத் தண்ணி அடிச்சேன். பனாயோத் மருந்துப் பம்போட வேலிக்கிட்ட வந்து நிக்கறான், அடிச்சுத் தரட்டுமான்னு. வயித்துல புள்ளையோட இருக்கிற நம்ம பொண்ணுக்குக் கொண்டு போற மிளகாய் இது. விஷத்தை அடிக்கச் சொல்றியா?"

காற்று இரண்டு பக்கமும் இரைந்தது.

"தெனிட்சா நேத்தும் கூப்பிட்டா. இப்பவே வந்துரும்மாங்கறா. மிளகாய் சுட்டு ஜாடியில அடைச்சுட்டு செப்டம்பர் கடைசியில வர்றேன்னு சொல்லிட்டிருந்தேன். மிளகாயே இல்லைன்னா இங்க நான் எதுக்கு உக்காந்திருக்கணும், சொல்லு?"

கேள்வி கேட்டுவிட்டு அவள் காத்திருந்தாள். ராங்கெல் மழைமானியின் மூடியைத் திறந்து பார்த்தான். அதில் மழை இல்லை என்பது அவனுக்கு முன்பே தெரியும்.

"பாக்கறேன். ஏதாச்சும் வழி இருக்கும்" என்றான்.

"பாரு" என்றாள். தொடர்பு போயிற்று.

அவர்கள் மகள் தெனிட்சா ஸ்பெயினில், கடலோரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டங்களில் வேலை செய்கிறாள். அவள் போன பிறகு புக்கோவா கிராமத்து வீட்டில் இவர்கள் இரண்டு பேர் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்து சூப் குடித்தார்கள். கரண்டிச் சத்தம் பெரிதாகக் கேட்டது. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை என்று ஒன்று இருந்திருந்தால் சமாதானம் என்றும் ஒன்று இருந்திருக்கும். ராங்கெல் முதலில் லூபனுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு முறை அவனுடைய வாரத்தையும் சேர்த்துப் பார்த்தான். அப்புறம் லூபனின் குழந்தைக்குச் சரியில்லை. அப்புறம் சாலை சரியில்லை. நொண்டிக்குச் சறுக்கினது சாக்கு. ஒரு கட்டத்தில் யாரும் காரணம் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மாதத்தில் பாதி மேலே இருக்க வேண்டியவன் முக்கால் மாதம் மேலேயே இருந்தான்.

ஆனால் செப்டம்பரில் இரண்டு வாரத்தை மட்டும் அவன் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அது மிளகாய் சுடுகிற காலம். கை நீளத்துக்குச் சிவப்பு மிளகாய், காரம் கிடையாது, தெருவில் எல்லா வீட்டு முற்றத்திலும் அடுப்பு எரியும், ஊரே கருகின தோல் வாசனையில் மூழ்கிக் கிடக்கும். வெலிகா சுடுவாள், ராங்கெல் தோல் உரிப்பான். விரல் நுனியெல்லாம் வெந்து போகும். இரண்டு பேர் இருந்தால்தான் ஆகிற வேலை. பேச வேண்டிய அவசியமும் இல்லை, பேசாமல் இருக்கிறோமே என்கிற உறுத்தலும் இல்லை. நடுநடுவே அவள் ஒரு மிளகாயைக் கிழித்து உப்புத் தொட்டு அவன் வாயில் வைப்பாள், அவன் கை அழுக்காக இருக்கிறதல்லவா. அவர்கள் கல்யாணத்தில் மிச்சம் இருந்தது அதுதான் என்று ராங்கெல் நினைத்துக்கொள்வான். புக்கோவாவிலிருந்து பேரப்பிள்ளை பார்க்க ஸ்பெயினுக்குப் போன பெண்கள் சிலர், பேரன் பள்ளிக்கூடம் போகிற வயசான பிறகும் ஊர் திரும்பவில்லை. அன்றிரவு அதையும் நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை நிலையத்தின் தெற்குச் சுவர்ப் பக்கம் போனபோது அவனுக்கு அந்த யோசனை வந்தது. யோசனை எங்கோ வானத்திலிருந்து வரவில்லை. சுவரிலேயே இருந்தது. ஒவ்வொரு வருஷமும் கோடையில் சிவப்பு முதுகில் கரும்புள்ளி வைத்த பொறிவண்டுகள் கீழேயிருந்து சிகரத்துக்கு ஏறி வரும். ஒன்றிரண்டு அல்ல. கல்லைப் புரட்டினால் குவியல் குவியலாக, சிவப்பு மணியைக் கொட்டி வைத்ததுபோல இருக்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இடுக்குக் கிடைத்த இடத்திலெல்லாம் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். அசுவினிக்கு யமன் பொறிவண்டு என்பது புக்கோவாவில் தவழ்கிற குழந்தைக்கும் தெரியும். கீழே வெலிகா அசுவினியோடு மாரடிக்கிறாள், மேலே நான் யமனின் படையையே பக்கத்தில் வைத்துக்கொண்டு மழைமானியைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன் என்று ராங்கெலுக்குத் தன்மேலேயே சிரிப்பு வந்தது. பனித்திட்டுக் கருவண்டின் பசியை அவன் எத்தனையோ சாயங்காலம் பார்த்திருக்கிறான். அதே மலை, அதே குளிர், சாப்பிட ஒன்றுமில்லாத அதே கல். அதுக்கே அத்தனை பசி என்றால் இதுக்கு எத்தனை இருக்கும்! பக்கத்துப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கெல்லாம் ஒரே பசிதான் என்று முடிவு கட்டிவிட்டான்.

உடனே லூபனைக் கூப்பிட்டான். "புதன்கிழமை மேல வந்துர்றியா? எனக்கு ரெண்டு நாள் வீட்டுக்குப் போகணும்."

"நீங்களா? வீட்டுக்கா?" லூபனுக்கு நம்ப முடியவில்லை. "அண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உளறாதடா."

"சரி வர்றேன். ஆனா சனி, ஞாயிறு நீங்க மேல இருக்கணும். என் தங்கச்சி கல்யாணம். அதுல கை வச்சா எங்கம்மா என்னை உரிச்சு உப்புக்கண்டம் போட்டுரும்."

"இருக்கேன், இருக்கேன்" என்றான் ராங்கெல். வேறு எதையும் அவன் யோசிக்கவில்லை.

வெலிகாவிடம், "புதன்கிழமை வர்றேன்" என்று மட்டும் சொன்னான். "எதுக்கு?" என்று கேட்டாள். "வந்து சொல்றேன்" என்றான். பொறிவண்டு மூட்டையைத் திறந்து காட்டுகிறபோது அவள் முகம் எப்படி மாறும் என்று பார்க்க ஆசை.

புதன்கிழமை விடியற்குளிரில், அவை விறைத்துக் கிடக்கும்போதே, கல்லைப் புரட்டிப் புரட்டிக் கையால் அள்ளினான். பழைய மாவுப் பைக்குள் காய்ந்த புல்லைத் திணித்து அதன்மேல் கொட்டினான். விரலெல்லாம் மஞ்சள் கறையும் கசப்பு நாற்றமும். முந்தின இரவே மேலே வந்து சேர்ந்திருந்த லூபன் பையைக் காதில் வைத்துக் கேட்டான். "மெல்லுற சத்தம்கூடக் கேக்கல. பூ வாங்கிட்டுப் போகலாம்ல அண்ணே, பொண்டாட்டிக்குப் பூச்சி கொண்டு போற ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

"பூவுல மிளகாய் காய்க்குமாடா?"

"பூவுலதான் அண்ணே காய்க்கும்" என்றான் லூபன்.

இறங்குகிற வழியெல்லாம் ராங்கெல் பையை நிழல் பக்கமாக மாற்றி மாற்றிப் பிடித்தான். ஊற்றுகளில் பையின் வெளிப்புறத்தை நனைத்தான். குட்டைப் பைன் புதர்கள் முடிந்து, காடு முடிந்து, புல்வெளி வந்தபோது வெயில் முதுகில் ஏறிவிட்டது. பைக்குள் ஏதோ கரகரத்தது. படை விழித்துக்கொண்டது, பசி எடுத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டான்.

வெலிகா வாசலிலேயே நின்றிருந்தாள். நல்ல ரவிக்கை போட்டிருந்தாள், தலைத்துணி கட்டவில்லை. மேசையில் அவன் பங்குக்கும் தட்டு வைத்து, வெள்ளரிக்காய் நறுக்கிப் போட்ட தயிர்ச் சூப்பை மூடி வைத்திருந்தாள். அடுப்பிலிருந்து பாலாடைக்கட்டி அடையின் மணம் வந்தது. இதையெல்லாம் ராங்கெல் பிற்பாடு ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். அப்போது அவன் கண்ணில் படவில்லை.

"உக்காரு. சாப்பிட்டுப் பேசலாம்" என்றாள்.

"அப்புறம். முதல்ல தோட்டத்துக்கு வா" என்றான்.

கையைப் பிடிக்காத குறையாக அவளைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனான். உச்சி வெயில். மிளகாய்ச் செடிகள் இலை சுருண்டு, பிசுபிசுத்து, பார்க்கவே பரிதாபமாக நின்றன. பக்கத்து வீட்டுப் பனாயோத் வழக்கம்போல வேலியில் முழங்கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு அந்த வேலிதான் உத்தியோகம்.

"ராங்கெல் அண்ணே! உயிரோட இருக்கீங்களா? பையில என்ன, மேகமா?"

"பாருடா, பாத்துக்கிட்டே இரு" என்று பை வாயை அவிழ்த்தான் ராங்கெல்.

பாத்தி பாத்தியாக நடந்து செடிகளின் மேல் உதறினான். பச்சையில் சிவப்பு கொட்டியது. இலை மேலும் காம்பு மேலும் பிஞ்சு மேலும், ஒவ்வொரு செடியும் ஒரே நாளில் பழுத்துவிட்டதுபோல இருந்தது. வெலிகா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள், தொண்டையிலிருந்து வருகிற சிரிப்பு, ராங்கெல் அதைக் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. "அடப் பாவி மனுஷா, இத்தனையும் நீயா பொறுக்கின?" என்றாள். அந்த ஒரு நிமிஷம் அவனுக்குப் போதும் போல இருந்தது. அதோடு உலகம் நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஒரு வண்டு இலை நுனிக்கு ஏறிற்று. அதன் காலடியிலேயே அசுவினிக் கூட்டம் கொழுத்துப்போய் உட்கார்ந்திருந்தது. வண்டு அதை மிதித்துக்கொண்டு மேலே போயிற்று. நுனியில் நின்று முதுகோட்டைப் பிளந்தது, உள்ளேயிருந்து கசங்கின சிறகை உதறியது, பறந்தது. அடுத்து இன்னொன்று. அடுத்து பத்து. அப்புறம் செடிகளே எழுந்து பறக்கிற மாதிரி மொத்தமும் கிளம்பியது. கூரைக்கு மேலே சிவப்பாக ஒரு புகை சுழன்று, வழி பிடித்துக்கொண்டு, வந்த மலைப் பக்கமே போயிற்று. ராங்கெல் காலிப் பையை விரித்துப் பிடித்தபடி நின்றான். திரும்ப உள்ளே வந்து விழும் என்று எதிர்பார்த்தானோ என்னவோ.

"அண்ணே, உங்க ஆளுங்க டூட்டிக்குக் கிளம்பிட்டாங்க!" என்று பனாயோத் வேலியே ஆடுகிற மாதிரி சிரித்தான். "உங்கள மாதிரியேதான் பழக்கி வச்சிருக்கீங்க. வீட்டுல கால் வச்சதும் மலை ஞாபகம் வந்துருது!"

யாரும் கூடச் சிரிக்கவில்லை. பனாயோத் கெட்டவன் அல்ல. வெலிகாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாக முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனான்.

அவள் ரவிக்கைக் கையில் ஒரே ஒரு வண்டு மிச்சம் இருந்தது. வெலிகா அதைச் சுட்டுவிரலில் ஏற்றிக்கொண்டாள். அந்த ஊர்ப்பக்கம் கல்யாணமாகாத பெண்கள் பொறிவண்டை விரலில் ஏற்றி, என்னைக் கட்டிக்கொள்கிறவன் எந்தத் திசை என்று கேட்பார்கள். அது எந்தப் பக்கம் பறக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வருவான். பதினேழு வயசில் வெலிகா கேட்டபோது அது நேராக மலையைப் பார்த்துப் பறந்தது. மலைப்பக்கம் ஊரே கிடையாதே, கரடியைக் கட்டிக்கொள்ளப் போகிறாயா என்று தோழிகள் கேலி செய்தார்கள். இரண்டு வருஷம் கழித்து சிகரத்து நிலையத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்த ராங்கெல் ரொட்டி வாங்க இறங்கி வந்தான். இந்தக் கதையைக் கல்யாணமான புதிதில் அவள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள்.

வண்டு விரல் நுனிக்குப் போயிற்று. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள். அது பறந்தது. மற்றவை போன பக்கமே போனது.

"எல்லாரும் அங்கதான் போறாங்க" என்றாள் வெலிகா. "அங்கிருந்து யாரும் எறங்கி வந்து நான் பாக்கல."

"நான் வந்திருக்கேன்ல."

"நீயா வந்த? பை வந்துச்சு, அதைத் தூக்கிட்டு நீ வந்த."

சாப்பாட்டின்போதுதான் அவள் சொன்னாள். தெனிட்சா டிக்கெட் போட்டுவிட்டாள். சனிக்கிழமை தலைநகர் சோபியாவிலிருந்து ஸ்பெயினுக்குப் பஸ். ஊரிலிருந்து காலையில் கிளம்பினால் சரியாக இருக்கும்.

"அன்னைக்கு போன்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றான் ராங்கெல்.

"நீ புதன்கிழமை வர்றேன்னு சொன்ன. எதுக்குன்னு கேட்டேன், வந்து சொல்றேன்ன. என்னமோ சொல்லத்தான் வர்றன்னு நெனச்சேன். அதைக் கேட்டுட்டு டிக்கெட்டை என்ன பண்றதுன்னு முடிவு பண்ணலாம்னு இருந்தேன்." ரொட்டியைப் பிய்த்தாள், வாயில் போடவில்லை. "பனிமேல கெடக்கிற கொசு எந்தக் காலை ஆட்டுதுன்னு உனக்குத் தெரியும். ஊசி போற எடத்தைப் பாக்கற ஆளு நீ. உலக்கை போற எடத்தைப் பாக்க மாட்ட."

அவனுக்குச் சொல்ல இருந்தது. போகாதே என்று இருந்தது. நீ போய்விட்டால் நான் எதிலிருந்து தப்பித்து மலைக்குப் போவேன் என்றுகூட இருந்தது. அது சொல்லக்கூடிய வாக்கியமா என்று யோசித்துக்கொண்டே இருந்தவனுக்குச் சனிக்கிழமை என்கிற சொல் அப்போதுதான் உறைத்தது. சூப்புக் கரண்டியைக் கீழே வைத்தான்.

"சனிக்கிழமை நான் மேல இருக்கணும். லூபன் தங்கச்சி கல்யாணம். வாக்குக் கொடுத்துட்டேன்."

வெலிகா தலையை மேல்நோக்கி ஒரு வெட்டு வெட்டினாள். அந்த ஊரில் அதற்குப் பரவாயில்லை, வேண்டாம் என்று அர்த்தம். அவள் கோபப்பட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சாயங்காலம் அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தபோது தெனிட்சா கூப்பிட்டாள். வண்டுக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ அப்பா, மலை மேல இருக்கிறது தூங்கப் போனதுப்பா! கீழயே வயிறு முட்டத் தின்னுட்டு, எல்லாம் ஒண்ணாச் சேந்து படுத்துக்கிறதுக்குத்தான் மேல வரும். அடுத்த வசந்தம் வரைக்கும் அதுக்குப் பசியே கிடையாது. இங்க எங்க தோட்டத்துக்குப் பெட்டியில வரும், குட்டிப் புழுவா, பசியோட. அதுதான் திங்கும். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" பிறகு அவள் குரல் இறங்கியது. "அப்பா, அம்மாவை நான் கூப்பிடறேன்னு என்மேல கோபமா?"

"இல்லம்மா. கோபமெல்லாம் இல்ல" என்றான். அது உண்மை. யார் மேலாவது கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு கம்பு மாதிரி இருந்திருக்கும்.

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த வெலிகா, "கேட்டியா?" என்றாள். "பசியில்லாததுதான் மேல போய் உக்காரும்."

வெள்ளிக்கிழமை மதியம் அவன் கிளம்பினான். அடையில் மிச்சம் இருந்ததைத் துணியில் கட்டிக் கொடுத்தாள். மிளகாய்ச் செடிகளை என்ன செய்ய, பிடுங்கிப் போடட்டுமா என்று கேட்டான். "விடு. யாராவது தின்னுட்டுப் போகட்டும்" என்றாள். வாசலில் நின்று அவன் காலரைச் சரிசெய்தாள், எங்கோ விருந்துக்குப் போகிறவனுக்குச் செய்கிற மாதிரி. தெருமுனையில் அவன் திரும்பிப் பார்த்தபோது இன்னும் நின்றுகொண்டிருந்தாள். காட்டு விளிம்பு வந்ததும் நின்றான். திரும்பிவிடலாம், கல்யாணம் கருமாதி எதுவானாலும் லூபன் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒருகணம் தோன்றியது. லூபனின் அம்மா முகம் ஞாபகம் வந்தது. வாக்கு ஞாபகம் வந்தது. கால் தானாகவே மேலே நடந்தது. அதற்கு அந்த ஒரு வழிதான் பழக்கம்.

சனிக்கிழமை காலை சிகரத்திலிருந்து பார்த்தால் புக்கோவா சாலை நூல் மாதிரி தெரிந்தது. வெள்ளையாக ஏதோ ஒன்று அதில் ஊர்ந்து போயிற்று. அது பஸ்ஸாகவும் இருக்கலாம், பால் வண்டியாகவும் இருக்கலாம். காற்றின் வேகத்தை எழுதிக்கொண்டு போய் வயர்லெஸ்ஸில் சொன்னான். அந்தப் பக்கத்துப் பெண், "கார்வனில் எல்லாம் நலமா?" என்று வழக்கம்போலக் கேட்டாள். "எல்லாம் வழக்கம்போலத்தான்" என்றான்.

தெற்குச் சுவர்ப் பக்கம் போகவே அவனுக்குப் பிடிக்கவில்லை. போனான். கல்லைப் புரட்டினான். இருந்தன. திரும்பி வந்தவையா, வராமலே இருந்தவையா, அதற்கு யார் அடையாளம் கண்டார்கள்? ஒன்றன்மேல் ஒன்று ஏறி, காலோடு கால் பின்னி, ஒரே உடம்பாகக் கிடந்தன. அவை மேலே வந்தது ஒன்றாகக் கிடக்க. நான் எதற்கு வந்தேன் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. கல்லைப் பழையபடி, எதுவும் நசுங்காமல், மெதுவாக வைத்தான்.

வாரங்கள் போயின. வெலிகா போய்ச் சேர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. குழந்தை அக்டோபரில். கடல் வெதுவெதுப்பாக இருக்கிறதாம். அவன் தன் முறைக்கு ஊருக்கு இறங்கினான், பூட்டைத் திறந்தான், கரண்டி ஒன்றை எடுத்துச் சூப் குடித்தான். மிளகாய்ச் செடிகள் கறுத்துப்போயிருந்தன. இலைக்கடியில் அசுவினிகளுக்குச் சிறகு முளைத்திருந்தது. சாறு தீர்ந்த செடியில் அவற்றுக்கு இனி வேலை இல்லை. குறித்த நாளுக்கு முன்பே அவன் மேலே ஏறிவிட்டான்.

ஆகஸ்ட் நடுவில் ஒரு சாயங்காலம். பனித்திட்டு சுருங்கி ஒரு படுக்கை விரிப்பு அளவுக்கு வந்திருந்தது. பகலெல்லாம் பள்ளத்தாக்குக் காற்று பலமாக ஏறியிருந்தது. ராங்கெல் ஓரத்தில் மண்டியிட்டுப் பார்த்தான். பனியின் மேல் பச்சைப் பச்சையாகப் பொடி தூவியிருந்தது. குனிந்தான். அசுவினிகள். சிறகு பனியில் ஒட்டிக்கொண்டு, கால் விறைத்து, நூற்றுக்கணக்கில் கிடந்தன. கீழே எத்தனையோ தோட்டங்கள் உண்டு, எத்தனையோ செடிகள். இவை எந்த வீட்டிலிருந்து வந்தவை என்று சொல்ல யாராலும் முடியாது. ஆனால் அவன் மனசுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்கவும் முடியவில்லை. தொலைபேசியை எடுத்தான். வைத்தான். குரல் தெளிவாக விழுகிற மழைமானி மேட்டைத் திரும்பிப் பார்த்தான்.

கல்லிடுக்கில் முதல் கருவண்டு உணர்கொம்பை நீட்டியது. அதன் பின்னால் இன்னொன்று. ராங்கெல் நெருப்புக்குச்சியை நாவில் நனைத்து ஒரு அசுவினியைச் சிறகு கிழியாமல் பனியிலிருந்து நெம்பி எடுத்தான், உள்ளங்கையில் வைத்து வாயால் ஊதினான். நிலையத்துக்குள்ளிருந்து வயர்லெஸ் கரகரத்தது. கார்வன், கார்வன் என்று அந்தப் பெண் கூப்பிட்டாள். இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை அவன் காத்திருக்கவிட்டதே இல்லை. அவன் எழுந்தான். நிலையத்துப் பக்கம் போகவில்லை. கையைக் குவித்து மூடிக்கொண்டு, ஒரு கிண்ணம் தண்ணீர் கொண்டு போகிறவன்போலச் சிந்தாமல், மழைமானி மேட்டை நோக்கி நடந்தான். பின்னால் கருவண்டுகள் அவனுடைய பூட்ஸ் தடத்துக்குள் இறங்கி ஏறிப் பனிக்குள் போய்க்கொண்டிருந்தன. உள்ளங்கைச் சூட்டில் ஏதோ ஒன்று, மயிரிழையைவிட மெல்லியது, ஒருமுறை அசைந்தது.